நான் பிரெஞ்சுத் தளபதியாக இருந்த நாள்

ஒன்பது வயதில் நான் பிரெஞ்சுப் படைக்குத் தளபதியாக இருந்திருக்கிறேன். ஒரே ஒரு பிற்பகல்தான். மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பக்கத்துத் தேவாலயம் ஒன்றின் நிலக்கீழ் மண்டபத்தில் முந்நூறு பேருக்கு முன்னால் நான் தோற்றுப்போனேன். அதற்குப் பிறகு படித்துப் பட்டம் வாங்கினேன், நல்ல வேலைக்கும் போனேன். ஆனால் எங்கள் வீட்டில் யாராவது விருந்தாளி வந்தால் பெருமையாகச் சொல்லப்படுவது இன்றைக்கும் அந்தத் தோல்விதான்.

அப்போது நாங்கள் மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றின் நடு வீட்டில் இருந்தோம். கீழ்வீட்டில் ஹைட்டியிலிருந்து வந்த குடும்பம். அந்த வீட்டு அம்மாவை நாங்கள் எல்லோரும் மடாம் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய மகள் மிர்லாண்ட் என் வகுப்பு. மடாமும் அம்மாவும் ஒரே தையல் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் காற்சட்டை தைத்தார்கள். மடாமுக்குப் பிரெஞ்சும் ஹைட்டி மக்கள் பேசும் கிரியோலும் தெரியும். அம்மாவுக்குத் தமிழும், பிரெஞ்சில் ‘வீ’, ‘நோ’, ‘மெர்சி’, ‘தொமாங்’ என்று ஆம், இல்லை, நன்றி, நாளை ஆகிய நான்கு சொற்களும் தெரியும். இதை வைத்துக்கொண்டு இருவரும் காலையிலும் மாலையிலும் பஸ்ஸில் ஓயாமல் கதைத்துக்கொண்டு போனார்கள். என்ன கதைத்தார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்தப் புத்தாண்டோடு ஹைட்டி விடுதலையடைந்து இருநூறு ஆண்டு நிறைகிறது என்று மடாம் சொன்னார். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்கள் எழுந்து, பிரெஞ்சுக்காரரின் பெரும்படையை விரட்டி, தங்களுக்கென்று ஒரு நாட்டை உண்டாக்கினார்கள். அடிமைகள் தாங்களே வென்று நிறுவிய நாடு அது. இதைச் சொல்லும்போது மடாம் எப்போதும் எழுந்து நின்றுதான் சொல்வார். அடுப்பில் சட்டி இருந்தாலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொல்வார்.

விழாவுக்கு ஒரு நாடகம் போடும் பொறுப்பு அவருக்கு வந்தது. தெருவிலிருந்த பிள்ளைகளையெல்லாம் சேர்த்தார். அதில் ஒரு சிக்கல். எல்லாருமே விடுதலை வீரர்கள். பிரெஞ்சுக்காரனாக நிற்க ஒருவரும் இல்லை. ஒரு பையன் அரை மனதோடு ஒத்துக்கொண்டான். மறுநாள் அவனுடைய அப்பா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். மடாம் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தபோது நான் கையை உயர்த்தினேன். வரலாறு பற்றி எனக்கு எந்தக் கருத்தும் இருக்கவில்லை. தளபதிக்கு வாளும் இறகு வைத்த தொப்பியும் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, நாடகத்தில் நான் தளபதி என்று சொன்னேன். எங்களோடு இருந்த சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சித்தப்பா டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை செய்தார். விடுதலை, போராட்டம் என்று எந்த நாட்டுப் பெயர் வந்தாலும் அதன் கதையை வைத்திருப்பவர். ஊரில் தமிழருக்கும் அரசுக்கும் நடந்த சண்டை ஓய்ந்து பேச்சுவார்த்தை நடந்த காலம் அது. எங்களுக்கும் ஒரு நாள் வரும் என்று அவர் தேநீர் ஆறும்வரை சொல்லிக்கொண்டிருப்பார். அன்றிரவே பார்க் எக்ஸ்டென்ஷனில் மரக்கறி வாங்கப் போன தமிழ்க் கடையில், “எங்கட பிள்ளை தளபதியாய் நடிக்கிறாள்” என்று கடைக்காரரில் தொடங்கி வரிசையில் நின்றவர்கள் வரை அறிவித்துவிட்டார்.

அடுத்த நாள்தான் அவருக்கு ஒரு கேள்வி தோன்றியது.

“பிள்ளை, எந்தப் படைக்குத் தளபதி?”

“பிரெஞ்சுப் படைக்கு.”

சித்தப்பா தொலைக்காட்சியை நிறுத்தினார். “அண்ணி, கேட்டீங்களே? பிள்ளையைக் கொண்டுபோய் அடக்கி ஆண்டவன்ர பக்கம் விட்டிருக்கினம்.”

“நாடகந்தானே தம்பி,” என்றார் அம்மா.

“நாடகமெண்டாலும் பக்கமெண்டு ஒண்டு இருக்கு அண்ணி. எங்கட வீட்டுப் பிள்ளை அந்தப் பக்கம் நிக்கிறதே? சனம் என்ன சொல்லும்? நான் கடையில எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்.”

நான் நடிக்கக் கூடாது என்று முடிவாயிற்று. நான் அழுதேன். அழுகை படியிறங்கிக் கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்க வேண்டும். சற்று நேரத்தில் மடாம் சமையல் துணியில் கையைத் துடைத்தபடி மேலே வந்தார். சித்தப்பாவுக்குப் பிரெஞ்சு போதாது. மடாமுக்குத் தமிழ் தெரியாது. வழக்கில் சம்பந்தப்பட்ட நானே மொழிபெயர்ப்பாளராகவும் நின்றேன்.

“இவரிடம் கேள்,” என்றார் மடாம். “பிரெஞ்சுக்காரனே இல்லாமல் நாங்கள் யாரைத் தோற்கடிப்பதாம்? காற்றையா?”

“வேற பிள்ளையள் இல்லையோ எண்டு கேள்,” என்றார் சித்தப்பா.

மடாம் கதவோரமாக நிமிர்ந்து நின்றபடியே சொன்னார். “அது சின்னப் படை இல்லை. உலகத்தையே நடுங்க வைத்த படை. எங்கள் ஆட்கள் அதைத்தான் வென்றார்கள். மேடையில் ஒரு நோஞ்சான் வந்து நெளிந்துகொண்டு நின்றால் எங்கள் முன்னோருக்கு என்ன மரியாதை? உங்கள் பிள்ளை நேராக நிற்கிறாள். அதனால்தான் எனக்கு இவள் வேண்டும்.”

கடைசி இரண்டு வாக்கியங்களை நான் கொஞ்சம் உரத்த குரலில் மொழிபெயர்த்தேன்.

சித்தப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப பயிற்சி குடுக்கவேணும்,” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு நடைபாதை போர்க்களமாயிற்று. காரில் பனி தட்டும் நீளமான தும்புக்கட்டைதான் வாள். சித்தப்பா வேலையால் வந்ததும் சாப்பிடாமல்கூட என்னை நடக்கவிட்டுப் பார்ப்பார். தோள் தொங்கக் கூடாது, நாடி கீழே வரக் கூடாது. முக்கியமாகச் சரணடையும் கட்டம். நான் தலையைக் குனிந்து தும்புக்கட்டையை நீட்டினால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

“தோக்கேக்க குனியாதை. வாளைக் குடுக்கேக்கயும் கண்ணைப் பாத்துக் குடு. நீ குனிஞ்சால் அவையின்ர வெற்றி பாதியாய்ப் போகும். விளங்குதே?”

விளங்கவில்லை. ஆனால் நிமிர்ந்து நின்றேன்.

அம்மாவுக்கும் ஒரு வேலை வந்தது. நாடகத்தின் உச்சக் கட்டமே ஒரு கொடிதான். பிரெஞ்சுக் கொடியில் நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூன்று பட்டைகள். விடுதலை வீரர்கள் நடுவிலிருந்த வெள்ளையைக் கிழித்தெறிந்துவிட்டு, மிச்சமிருந்த நீலத்தையும் சிவப்பையும் ஒன்றாகத் தைத்துத் தங்கள் கொடியை உண்டாக்கினார்கள் என்பது ஹைட்டியின் கதை. அது நடந்தது வெற்றிக்கு முன்பாம். பின்னாளில்தான் படித்தேன். மடாமின் நாடகத்தில் கொடி கடைசியில்தான் வந்தது. வரலாற்றைவிடக் கைதட்டல் பற்றி அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்தக் கொடியைத்தான் அம்மா தைக்க வேண்டும். இழுத்தால் உடனே பிரிய வேண்டும், அதனால் மேலோட்டமாகத் தைத்தால் போதும் என்று மடாம் கையாலேயே காட்டிவிட்டுப் போனார். அம்மாவும் அப்படியே தைத்தார். தைத்த கொடியைச் சுவரில் மாட்டிவைத்துவிட்டுச் சோறு போட்டார். சாப்பாட்டுக்கு நடுவில் இரண்டு முறை எழுந்துபோய் அதைப் பார்த்தார். தொளதொளவென்று தொங்கிய அந்தத் தையல் அவரை என்னவோ செய்தது.

“சபைக்கு வாற சாமான்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “ஆராவது பாத்தால் என்ன நினைப்பினம்?”

நாங்கள் படுத்த பிறகு மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

புத்தாண்டு அன்று அப்பாவுக்கு உணவகத்தில் வேலை. சித்தப்பாவும் அம்மாவும்தான் வந்தார்கள். அம்மா மயில் நிறச் சேலை கட்டி, அதன் கீழே பனிச் சப்பாத்துப் போட்டிருந்தார். மண்டபம் நிறைந்து வழிந்தது. ஆண்கள் எல்லோரும் கோட் சூட்டில், பெண்கள் பெரிய தொப்பிகளோடு. பின்பக்கத்துச் சமையலறையிலிருந்து பூசணிக்காய் சூப்பின் மணம் வந்துகொண்டிருந்தது.

நான் மேடையில் ஏறியதும் சபை என்னைப் பார்த்து ஊளையிட்டது. சித்தப்பாவின் பயிற்சி வீண்போகவில்லை. ஊளை கூடக் கூட நான் நிமிர்ந்தேன். போர் நடந்தது. நான் தோற்றேன். மிர்லாண்டின் அண்ணன்தான் விடுதலைத் தளபதி. அவனுடைய கண்ணைப் பார்த்து வாளை நீட்டினேன். சபை எனக்கும் சேர்த்துக் கைதட்டியது.

இனிக் கொடி. மிர்லாண்ட் வெள்ளை உடுப்பில் வந்து, கொடியை உயரத் தூக்கிக் காட்டி, வெள்ளைப் பட்டையைப் பிடித்து இழுத்தாள். கொடி அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். அண்ணன் வந்து மறுமுனையைப் பிடித்தான். இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான காற்சட்டைகளுக்கு இரட்டைத் தையல் போடும் கையின் வேலை அது. பீரங்கி கொண்டு இழுத்தாலும் பிரிந்திருக்காது. சபையில் ஒருவர் சிரித்தார். பிறகு பலர் சிரித்தார்கள். மிர்லாண்டின் உதடு துடித்தது. திரைக்குப் பின்னால் மடாம் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். இந்த ஒரு கட்டத்துக்காகத்தான் அவர் மாதக்கணக்காகத் தூக்கமில்லாமல் திரிந்தார் என்பது எனக்குத் தெரியும்.

நான் தோற்று, கப்பலேறிப் போக வேண்டியவள். போக மனமில்லை. ஓடிவந்து நானும் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். தன் கொடியைக் கிழிக்கத் தானே உதவும் பிரெஞ்சுத் தளபதியைப் பார்த்து மண்டபம் கூரை அதிரச் சிரித்தது. மிர்லாண்ட் அழத் தொடங்கிவிட்டாள்.

அப்போதுதான் அம்மா எழுந்தார்.

பள்ளிக்கூடத்தில் என் ஆசிரியையிடம் பேசுவதற்குக்கூட என்னை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்கும் அம்மா. கடையில் மிச்சக் காசு குறைந்தாலும் கேட்கத் தயங்கும் அம்மா. அவர் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பனிச் சப்பாத்துத் தடதடக்க மேடையேறினார். கொடியை எங்களிடமிருந்து வாங்கி, தையலின் ஒரு நுனியைத் தேடி, பல்லால் ஒரு கடி. பிறகு நூலைச் சுண்டி இழுத்தார். மேலிருந்து கீழ்வரை சர்ரென்று பிரிந்தது. மறுபக்கமும் அப்படியே. வெள்ளைத் துணி தனியாக வந்தது. அதை என்ன செய்வது என்று ஒரு கணம் பார்த்தவர், என் கையில் திணித்தார்.

“இந்தா. உன்ர சாமானைக் கொண்டு நீ போ.”

தமிழில்தான் சொன்னார். ஆனால் மண்டபத்தில் அது விளங்காதவர் ஒருவருமில்லை. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கதிரைகள் விழுந்தன. அம்மா அவசரப்படாமல், தாலிக்கொடியில் கோத்து வைத்திருந்த சேஃப்டி பின்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, நீலத்தையும் சிவப்பையும் சேர்த்துக் குத்தினார். பிசகில்லாமல் இருக்கிறதா என்று தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு மிர்லாண்டின் கண்ணீரைத் துடைத்து, கொடியை அவள் கையில் கொடுத்து, அவள் கையை உயர்த்திவிட்டார். மடாம் திரையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தார். முந்நூறு பேரும் நெஞ்சில் கை வைத்து அவர்களுடைய தேசியகீதத்தைப் பாடினார்கள். நடுவில், மயில் நிறச் சேலையில், வார்த்தை தெரியாமல், நேராக நின்றார் அம்மா. என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையோடு நான் யாரையும் பார்த்ததில்லை.

பாட்டு முடிந்ததும் சூப் வந்தது. அடிமைக் காலத்தில் அதைச் சமைத்தவர்கள் வாயில் வைக்கக்கூட அனுமதிக்கப்படவில்லையாம். விடுதலை கிடைத்த நாளில் எல்லோரும் குடித்தார்களாம். அதனால்தான் புத்தாண்டு தோறும் அந்தச் சூப். அதில் மாட்டிறைச்சி போடுவார்கள் என்பதால் மடாம் எங்களுக்காக மரக்கறி மட்டும் போட்டு ஒரு சின்னப் பானையில் தனியாகக் காய்ச்சி வைத்திருந்தார். அம்மா இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தார்.

அப்போது ஒரு பெரியவர் எங்கள் மேசைக்கு வந்தார். நரைத்த தாடி, பழைய கறுப்பு சூட். அம்மாவுக்குத் தலை வணங்கிவிட்டு, சித்தப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு என்னிடம், “உங்கள் நாடு எப்போது விடுதலை அடைந்தது என்று இவரிடம் கேள். அந்த நாளில் நான் உங்கள் வீட்டுக்கு வந்து வாழ்த்த வேண்டும்,” என்றார்.

நான் கேட்டேன். சித்தப்பா சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சித்தப்பாவைப் பார்த்தார். வெள்ளைக்காரர் எங்கள் தீவை விட்டுப்போன நாளென்று புத்தகத்தில் ஒரு திகதி இருக்கிறது. அது சித்தப்பாவுக்கும் தெரியும். ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை.

“பேந்து,” என்றார்.

பேந்து என்றால் பிறகு. எங்கள் வீட்டில் நான் எதைக் கேட்டாலும் கிடைக்கும் பதில் அது. பொம்மை கேட்டால் பேந்து, பனிச்சறுக்குக்குக் கூட்டிப்போகச் சொன்னால் பேந்து. ஆகவே நானும் எனக்குத் தெரிந்தபடியே மொழிபெயர்த்தேன். “சித்தப்பா பிறகு சொல்வாராம்.”

பெரியவர் மரியாதையோடு தலையாட்டினார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எங்கள் பக்கத்திலேயே அமர்ந்தார். சூப்பைக் குடித்து முடித்தார். கோட்டைப் போட்டுக்கொண்டார். ஆனாலும் போகவில்லை. இளைஞர்கள் கதிரைகளை மடக்கி அடுக்கத் தொடங்கும்வரை, சித்தப்பா வாய் திறப்பார் என்று பொறுமையாகக் காத்திருந்தார். நானோ, இவ்வளவு கதை தெரிந்த சித்தப்பா போயும் போயும் சொந்த நாட்டின் திகதியை மறந்துவிட்டாரே என்று அவருக்காக வெட்கப்பட்டபடி, வாசலில் குந்தியிருந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன்.