ஒரு பக்கம் கழுவிய கார்

என் சித்திக்கு அறிவுரை சொல்வது தொழில். அதற்கு முன்னால் தண்ணீர் வடிகட்டும் கருவி விற்றாள். பிறகு கண்ணாடியில் பூ வரைய வகுப்பு எடுத்தாள்; சேர்ந்தவர்களில் யாருக்கும் பூ வரவில்லை, சித்திக்கும் வரவில்லை. அறிவுரையில் அந்தத் தொல்லை இல்லை. சொல்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

கைபேசியில் அவள் நடத்திய சேனலின் பெயர் 'சிட்டுச் சம்பளம்'. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள் ஆபத்தில்லாமல் கைச்செலவுக்குச் சம்பாதிப்பது எப்படி என்று பெற்றோருக்குச் சொல்லித் தருவது அதன் நோக்கம். செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், பழைய புத்தகம் விற்கலாம், பக்கத்து வீட்டு நாயை நடக்கவிட்டு வரலாம், கார் கழுவலாம். ஒவ்வொரு வீடியோவின் தொடக்கத்திலும் சித்தி கண்ணைக் கொஞ்சம் ஈரமாக்கிக்கொண்டு, "நான் பத்து வயசுலயே என் சொந்தக் கால்ல நின்னவ" என்பாள்.

என் அம்மா அவளுக்கு அக்கா. அதைக் கேட்கும்போதெல்லாம் அம்மாவுக்குப் புரை ஏறும். "சொந்தக் கால்லயா? பத்து வயசுல அவ குடிச்ச டம்ளரைக் கூட நான்தான் கழுவினேன். செருப்பு வார் மாட்டிவிடவே வீட்ல ஓர் ஆள் வேணும்."

அந்த வருடம் எனக்கு வேலை சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்ததால் அவர்கள் முன்னறையில் தங்கியிருந்தேன். வாடகைக்குப் பதிலாக, சித்தியின் பேச்சுக்குக் கீழே ஓடும் ஆங்கில வரிகளை நான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே அவளுடைய ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை கேட்கும் பாக்கியம் எனக்கு இருந்தது.

அந்தச் சிட்டு, சித்தியின் மகள். வயது பதினொன்று. வீட்டில் எல்லோரும் அவளை 'வாலு' என்றுதான் கூப்பிடுவோம். சிட்டு என்பது சித்தி சேனலுக்காகச் சூட்டிய பெயர். வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் வாலு திரும்ப மாட்டாள், கேமரா ஓடினால் தவிர.

வாலுவுக்கு வேண்டியிருந்தது ஒரு பேட்மிண்டன் மட்டை. பள்ளியில் தோழியின் மட்டையைக் கடன் வாங்கி ஆடிக்கொண்டிருந்தாள். ஒருமுறை வாலு தோற்றதும் அந்தத் தோழி, "என் மட்டையிலயே ஆடி என்னையே ஜெயிக்கலாம்னு பாத்தியா?" என்று கேட்டுவிட்டாளாம். சித்தி உடனே, "கம்பெனிக்காரங்க கிட்ட சொல்லி ஓசியிலேயே வாங்கித் தரேன். ரோஸ் கலர், நம்ம சேனல் ஸ்டிக்கரோட" என்றாள்.

"ஸ்டிக்கர் ஒட்டினதை எடுத்துட்டுப் போனா கோர்ட்டுல சிரிப்பாங்கம்மா. நானே சம்பாதிச்சு வாங்கிக்கறேன்."

"அதைத்தானே கண்ணு நம்ம சேனல்ல சொல்றோம்!"

"சொல்றோம்" என்றாள் வாலு.

கார் கழுவும் வீடியோவுக்கு எதிர்வீட்டுக்காரரின் வண்டியைக் கேட்டார்கள். அவர் கார் ஓட்டக் கற்றுத் தரும் பள்ளி நடத்துபவர். வீட்டு முன்னறைதான் அலுவலகம். அவர் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து தொலைபேசியில் வகுப்புக்கு நேரம் குறித்துக் கொடுப்பார். மழைக்காலம். ஓட்டப் பழகுகிறவர்கள் சாலையை விட்டுவிட்டு எங்கே சேறு இருக்கிறதோ அங்கே வண்டியை இறக்கிக் கொண்டுவருவார்கள். மாலையில் அந்தக் காரின் நிறம் என்ன என்று அவருக்கே சந்தேகம் வரும்.

சித்தி தெருவோரம் முக்காலியை நட்டு, கைபேசியைப் பொருத்தினாள். வாலு வாளியும் துணியுமாக நின்றாள். சித்தி முதலில் பாதுகாப்பு விதிகளைச் சொன்னாள். அவை நல்ல விதிகள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், எங்கிருந்தோ எடுத்தவை. தெரிந்தவர்களுக்கு மட்டும் வேலை செய். யார் வீட்டுக்குள்ளும் போகாதே. வெளிச்சத்தில், பெரியவர் ஒருவர் கண்ணில் படும்படி நின்று செய். கூலியை முதலிலேயே பேசிக்கொள். மனதுக்கு ஒப்பவில்லை என்றால் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வந்துவிடு. காரணம் சொல்லத் தேவையில்லை.

வாலு கேமரா பார்த்த பக்கத்தைக் கழுவி முடித்தாள். பயிற்சிக்காரர் சிரித்துக்கொண்டே பணத்தை நீட்டினார். வாலு இரண்டு கையாலும் வாங்கினாள். சித்தி "கட்" என்றாள், பணத்தை வாலுவின் கையிலிருந்து எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"ஷூட்டிங்குக்குத்தான் சார். ரொம்ப தேங்க்ஸ்."

"அந்தப் பக்கம் இன்னும் கழுவலையேம்மா" என்றாள் வாலு.

"அந்தப் பக்கம் எங்க கண்ணு தெரியப் போகுது? வா, வெளிச்சம் போகுது. இன்ட்ரோ இன்னொரு தடவை எடுக்கணும்."

மறுநாள் அந்தக் கார் ஊருக்குள் போனது. வலது பக்கம் கல்யாண மாப்பிள்ளை போலப் பளபளத்தது. இடது பக்கம் எருமை குளத்திலிருந்து ஏறி வந்த கோலம். பழக வந்தவர்களில் ஒருவர், "சார், இதுல எந்தப் பக்கம் பழைய மாணவர் ஓட்டினது?" என்று கேட்டாராம். பயிற்சிக்காரர் மாலையில் வந்து எங்கள் கேட்டருகில் நின்றார்.

"பாப்பா, அந்தப் பக்கம் என்ன பாவம் பண்ணுச்சு? அதுக்கும் குளிக்க ஆசை இருக்காதா?"

வாலுவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. அவரை அப்படியே நிற்க வைத்துவிட்டு வாளியை எடுத்தாள். சித்தி உள்ளே நேரலையில் பேசிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். வாலு இடது பக்கத்தைக் கழுவினாள், சக்கரத்துக்குள் விரல் விட்டுச் சேற்றைத் தோண்டினாள், முதல் நாள் விட்டுப்போன பின்கண்ணாடியையும் துடைத்தாள். பயிற்சிக்காரரின் மனைவி ஜன்னலிலிருந்து, "ஏங்க, தினமும் வரச் சொல்லுங்க. நீங்க துடைக்கறதை விட இது தேவலை" என்றார்.

"எவ்வளவுன்னு முதல்லயே பேசிக்கணும் அத்தை" என்றாள் வாலு.

"பேசு. நீ பேசலேன்னா இவர் புத்திமதிதான் கொடுப்பார்."

பேசினார்கள். அன்றிலிருந்து தினமும் மாலை வகுப்புகள் முடிந்ததும் வாலு அந்தக் காரைக் கழுவினாள். கிடைத்த பணத்தை இறகுப்பந்து வரும் நீளமான குழாய் டப்பாவில் போட்டு, பள்ளிக்கூடப் பைக்கடியில் வைத்தாள். அந்த டப்பாவைப் பற்றி எனக்கும் சித்தப்பாவுக்கும் தெரியும். சித்தப்பா எதையும் சித்தியிடம் சொல்ல மாட்டார். சொன்னால் அதைக் கேமராவுக்கு முன்னால் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் சித்தியிடம் எவ்வளவு நாள் மறைக்க முடியும்? ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். "அட, நிஜமாவே கழுவறா!" என்று அவள் கூவியதில் ஆச்சரியம்தான் இருந்தது. தான் சொன்னது நடக்கும் என்று அவள் எதிர்பார்த்ததே இல்லை. மறுநாளே முக்காலி தெருவுக்கு வந்தது. "சிட்டுவின் மாலைப் பொழுது" என்று வரிசையாக வீடியோக்கள். எங்கள் நீலக் கேட், பள்ளிப் பெயர் அச்சடித்த சட்டை, காரின் கதவில் எழுதியிருந்த பயிற்சிப் பள்ளியின் தொலைபேசி எண், மூலையில் இருந்த மருந்துக்கடை, எல்லாம் துல்லியமாக விழுந்தன. "சாயங்காலம் நான் நேரலைக்கு வர்ற நேரத்துல சிட்டு தனியா இந்த வேலையைச் செய்றா, அவ்வளவு பொறுப்பு" என்றும் சித்தி சொன்னாள்.

நான் ஆங்கில வரிகளை எழுதும்போது, "சித்தி, இது நம்ம விலாசத்தைத் தட்டுல வெச்சு நீட்டற மாதிரி இருக்கு" என்றேன்.

"நீ எழுத்துப்பிழை மட்டும் பாரும்மா. கன்டென்ட் என்கிட்ட விடு."

வீடியோக்கள் ஓடின. அதற்குமுன் சித்தியின் எந்த வீடியோவும் அந்த அளவுக்கு ஓடியதில்லை. சித்திக்கு நடையே மாறிவிட்டது. சமையலறைக்குப் போகும்போதுகூட யாரோ பின்னால் படம் பிடிப்பது போலப் போனாள்.

ஒருநாள் வாலு பள்ளியிலிருந்து தாமதமாக வந்தாள். மூச்சு வாங்கியது. பேருந்து நிறுத்தத்தில் ஓர் ஆள் அவளிடம் வந்து, "சிட்டு!" என்று கூப்பிட்டானாம். "நம்ம வீட்லயும் கார் இருக்கு, வா. ரெண்டு மடங்கு தரேன். இந்நேரம் அம்மா நேரலையிலதானே இருப்பாங்க, தேட மாட்டாங்க" என்றானாம். வாலு பதில் சொல்லாமல் மருந்துக்கடைக்குள் போய், கடைக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவர் வெளியே வந்து பார்த்தபோது அந்த ஆள் இல்லை. கடைக்காரர்தான் கேட் வரை கொண்டுவந்து விட்டார்.

"அவன் சிட்டுன்னு கூப்பிட்டதுமே தெரிஞ்சுது, தெரியாத ஆள்னு" என்றாள் வாலு.

சித்தி ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கணத்தில் அது நடிப்பு இல்லை. தண்ணீர் கொடுத்தாள், தலையைத் தடவினாள். வாலு பாதி டம்ளர் குடித்திருப்பாள்.

"கண்ணு, இதே மூச்சிரைப்போட இன்னொரு தடவை சொல்றியா? நான் லைட் மட்டும் போட்டுக்கறேன். எத்தனை அம்மாக்களுக்கு உதவும் தெரியுமா?"

வாலு டம்ளரைக் கீழே வைத்தாள். நான் என் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"வேண்டாம்."

"ஏன்டா கண்ணு?"

"காரணம் சொல்லத் தேவையில்லைன்னு நீதானேம்மா சொன்னே."

சித்திக்குக் கோபம் வந்தது. கோபத்தில் பொறுப்பான தாயாக மாறினாள். "சரி, இனிமே நீ தெருவுக்குப் போய்க் கார் கழுவற வேலையே கிடையாது. உலகம் கெட்டுக் கிடக்கு. ஷூட்டிங் இருந்தா மட்டும், நான் பக்கத்துல இருக்கும்போது, நம்ம வீட்டுக்குள்ள பண்ணலாம். அதுதான் சேஃப்."

குழாய் டப்பா பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. வாலுவின் முகம் மாறியது. அவளிடம் இருந்த ஒரே சொந்தச் சம்பாத்தியத்தை, அதற்கு ஆபத்தை வரவழைத்தவளே பாதுகாப்பு என்ற பெயரில் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ சொன்ன ரூல்லேயே சொல்றேன்மா" என்றாள் வாலு. விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். "மாமாவும் அத்தையும் தெரிஞ்சவங்க. வெளிச்சத்துல செய்றேன், அத்தை ஜன்னல்ல இருக்காங்க. கூலி முதல்லயே பேசினேன். அங்க எல்லா ரூலும் இருக்கு. உன் வேலையிலதான் எதுவும் இல்ல. உன் வீடியோவைத் தெரியாதவங்கதான் பாக்கறாங்க. கூலி பேசல, கொடுத்த பணத்தையும் கையில இருந்து எடுத்துட்டே. வேண்டாம்னா விடவும் மாட்டேங்கற. நான் உன் வேலையை விட்டு நின்னுக்கறேன். அந்த வீடியோவெல்லாம் எடுத்துடு."

"எடுத்துடறதா? அதுதான்டீ ஓடிட்டு இருக்கு!"

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். சித்தி விஷயத்தில் ஊர் கேட்டது. வீட்டில் ஒருத்தி அதைவிடக் கவனமாகக் கேட்டிருக்கிறாள் என்பதுதான் அவளுக்கு விழுந்த அடி. இரண்டு நாள் வாலு எதிர்வீட்டுக்குப் போகவில்லை. கார் சேற்றோடேயே ஊருக்குள் போய் வந்தது. வீடியோக்களும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள் பயிற்சிக்காரர் வந்தார். சிரிப்பைக் காணோம்.

"மேடம், என் வண்டிக் கதவுல இருக்கற நம்பரைப் பாத்து யார் யாரோ போன் பண்றாங்க. நேத்து ஒருத்தன் கியர் போடக் கத்துக்கணும்னு ஆரம்பிச்சு, 'சிட்டு எத்தனை மணிக்கு வருவா'ன்னு முடிக்கறான். என் வீட்டுக்காரி போனையே எடுக்க மாட்டேங்கறா. என் தொழில் கெடுது. எடுத்துடுங்க."

சித்தி பதறிப் போனாள். "ஐயோ சார், உங்க பேர் கெட விடுவேனா? இதோ, இப்பவே." அவர் எதிரிலேயே ஒவ்வொன்றாக அழித்தாள். மகள் கேட்டபோது அசையாத விரல், எதிர்வீட்டுக்காரர் கேட்டதும் பறந்தது. வாலு கதவோரம் நின்று அதைப் பார்த்தாள். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டாள் என்றே நினைக்கிறேன்.

பயிற்சிக்காரர் போகும்போது திரும்பி, "வண்டி அழுவுது பாப்பா. அத்தை கேட்கறா, ஏன் வரலேன்னு. ஸ்கூல் விட்டு வரும்போது நானே ஸ்டாப்ல நின்னு கூட்டிட்டு வரேன். படம் மட்டும் வேண்டாம்" என்றார்.

வாலு அம்மாவைப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரருக்கு முன்னால் எதையும் மறுக்க சித்திக்கு வாய் வராது. "போயிட்டு வா கண்ணு, நான் என்னைக்காவது தடுத்திருக்கேனா?" என்றாள்.

அடுத்த வாரம் புது வீடியோ. தலைப்பு: ஒரு தாய் எடுத்த கடினமான முடிவு. குழந்தையின் பள்ளி, வீடு, நேரம் எதையும் வெளியே காட்டக் கூடாது என்று தான் ஓர் இரவெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்ததாகச் சித்தி சொன்னாள். கண் நன்றாகவே ஈரமாக இருந்தது. அதற்கு நான் ஆங்கில வரி எழுத மாட்டேன் என்றேன். "உனக்கும் அவ புத்தி ஒட்டிக்கிச்சு" என்றாள். மாதக் கடைசியில் வேறு வீடு பார்த்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின மாலை, பெட்டியைக் கேட்டருகில் வைத்துவிட்டு எதிர்வீட்டைப் பார்த்தேன். வாலு வலது பக்கத்தை முடித்துவிட்டு, அன்று கேமராவுக்குத் தெரியாத இடது பக்கம் குந்தி உட்கார்ந்து சக்கரத்தைத் தோண்டிக்கொண்டிருந்தாள். முதுகில் புது மட்டையின் உறை. அதைக் கழற்றி வைக்கக்கூட மனம் வரவில்லை போலிருக்கிறது. ஜன்னலில் பயிற்சிக்காரரின் மனைவி போனில் யாருக்கோ நேரம் குறித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டு மாடியில் சித்தி தோன்றினாள். கையில் கைபேசி. கீழே எட்டிப் பார்த்துத் தேன் குரலில் கூப்பிட்டாள்.

"சிட்டூ! இங்க பாரு கண்ணு, ஒரே ஒரு தடவை!"

வாலு திரும்பவில்லை. அந்தப் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் தெரியாத ஆள் என்று அவள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைச் சக்கரத்தின் மேல் வீசி ஊற்றினாள்.