பேசாத கரடிக்கு நான் போட்ட மார்க்

சித்திரக்கதை விருது ஒன்றுக்கு இந்த வருடம் நானும் நடுவர்.

இன்று காலை கரியாலூரிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பஸ்ஸில், போட்டிக்கு வந்திருந்த குழந்தைகள் படப்புத்தகம் ஒன்றைப் பற்றி மார்க் ஷீட்டில் கெத்தாக எழுதினேன்: "பேச்சுக்குமிழிகளே இல்லை. யார் என்ன பேசுகிறார்கள் என்று வாசகருக்குப் புரியாது. இது சித்திரக்கதை அல்ல. நிராகரிக்கலாம்."

பக்கத்து சீட்டில் மரவள்ளிக்கிழங்குப் பையோடு ஒரு அக்கா. "குடுங்க, பாப்போம்" என்று புத்தகத்தை வாங்கினார்.

பலாமரப் பக்கத்தைத் திறந்தார். "பெரிய கரடி மேல உக்காந்துக்கினு, 'எனக்குதான் ஜாஸ்தி'ன்னுது. கீழ நிக்கற குட்டி, 'ஒரு சொளையாவது போடு'ன்னு அழுவுது."

இப்படியே கடைசிப் பக்கம் வரை போனார். முன்சீட்டுக்காரர்கள் திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை மறந்து நின்றார்.

"எழுத்தே இல்லையே, எப்படிக்கா தெரியுது?" என்றேன்.

"மூஞ்சப் பாத்தாலே தெரியுதேங்க! இன்னா, உங்களுக்கு எல்லாத்தையும் எழுதியே காட்டணுமா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், மார்க் ஷீட்டை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தபடி.

பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் அக்கா மறைந்துவிட்டார். பேர்கூடக் கேட்கவில்லை.

நடுவர் குழுவில் ஓர் இடம் காலியாகப் போகிறது, என்னுடையதுதான். மலைப்பக்கத்து நண்பர்கள் அவரைப் பார்த்தால் சொல்லுங்கள். பயோடேட்டா மட்டும் எழுதித் தரச் சொல்லிவிடாதீர்கள், திட்டு விழும்.