வாசலில் இறங்கிய பழைய டிவிகள்

காசியம்மாள் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தாள். சூளைக்குப் போகும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை மெருகுக் கரைசலில் முக்கி எடுத்துப் பலகையில் அடுக்குவது அவள் வேலை. கணவன் சாமிக்கண்ணு கடைவீதியில் மூன்று சக்கர வண்டி மிதித்தான். தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், ரேஷன் அரிசியில் புழு நெளிந்தாலும் முதல் ஆளாகப் போய்க் கேட்பவள் அவள்தான். கோபக்காரி என்று பெயர். அவளும் அதை மறுத்ததில்லை.

இரண்டாயிரத்து எட்டில் அவர்கள் தெருவுக்கு இலவசக் கலர் டிவி வந்தது. வந்த வாரமே பழைய கருப்பு வெள்ளைப் பெட்டிகள் மாட்டுக் கொட்டகைக்கும் கொல்லைப்புறத்துக்கும் போயின. அந்தச் சமயத்தில்தான் ஊரின் நலச் சங்கம் ஒன்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தது. ஓடாத டிவி, ரேடியோ, மிக்ஸி எதுவானாலும் கல்யாண மண்டபத்தில் நடக்கும் முகாமுக்குக் கொண்டு வாருங்கள் என்றார்கள்.

சங்கத்தின் செயலாளர் சாமிதுரை, ஜங்ஷன் ரோட்டில் மோட்டார் பம்பு கடை வைத்திருந்தவர். முகாமில் அவர் நன்றாகப் பேசினார். டிவியின் பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உடைத்துப் போட்டால் மண்ணில் இறங்கும் என்றார். செம்புக்காக ஒயரை எரித்தால் வரும் புகை நஞ்சு என்றார். சென்னைப் பக்கம் அரசு அனுமதி பெற்ற தொழிற்சாலை இருக்கிறது, எல்லாவற்றையும் அங்கே அனுப்பி முறையாகப் பிரித்தெடுக்கச் செய்வோம் என்று உறுதி சொன்னார்.

முகாமுக்கு வண்டியில் நாற்காலி ஏற்றி வந்த கணவனோடு போயிருந்த காசியம்மாள் கடைசிவரை நின்று கேட்டாள். ஈயம் என்ற சொல் அவளுக்குப் புதிதில்லை. முன்பெல்லாம் சில மெருகுகளில் அது கலந்திருக்கும். கை கழுவாமல் சோற்றைத் தொடாதீர்கள் என்று மேஸ்திரி விரட்டுவார். அன்று மாலையே வீடு வீடாகப் போனாள். பழைய இரும்புக் கடையில் போட்டால் நாலு காசு வருமே என்றவர்களோடு சண்டை பிடித்தாள்.

பக்கத்து வீட்டு வீராயி மட்டும் பிடி கொடுக்கவில்லை. இழுத்து மூடும் மரக்கதவு வைத்த அவளுடைய டிவி, மகன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. மகன் விபத்தில் போய்விட்டான். பெட்டி ஓடாவிட்டாலும் துடைத்து வைத்திருந்தாள். அதுவும் ஒரு மழைக்கு நனைந்து உப்பிப்போன பிறகுதான் மனசு இறங்கினாள்.

"காசி, நீ சொல்றியேன்னுதான் தரேன். கண்டவன் கையில போவக் கூடாது."

"போவாதுக்கா. நான் பொறுப்பு" என்றாள் காசியம்மாள்.

சில வாரம் கழித்து, வேலை செய்யும் இடத்தில் காயவைத்த வெள்ளைச் சரக்கின் மேல் கரும்புள்ளி விழ ஆரம்பித்தது. கை சுத்தமில்லை என்று முதலாளி பெண்களைத் திட்டினார். காசியம்மாள் வெளியே வந்து பார்த்தாள். தொழிற்பேட்டையின் கோடியில், எப்போதோ மூடிய ஒரு சூளைக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து கரும்புகை எழும்பியது. நாற்றம் தொண்டையைப் பிடித்தது.

அங்கே ஒயர் குவியல் எரிந்துகொண்டிருந்தது. உடைந்த பீங்கான் கொட்டும் மேட்டில் பிக்சர் டியூப்களை அடித்து நொறுக்கியிருந்தார்கள். பெண்கள் வெறுங்காலோடு நடந்து போகும் வழி அது. ஓரமாக அடுக்கியிருந்த டிவிகளில் ஒன்றின் மரக்கதவு பாதி கழன்று தொங்கியது. அது யாருடையது என்று அவளுக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

அந்த இடத்தை நடத்தியவன் நந்தகுமார், பழைய இரும்பு வியாபாரி. அவன் சண்டைக்கு வரவில்லை. சங்கத்துக்காரர்களிடம் மொத்தமாக விலைக்கு வாங்கியது, கேட்பதை அங்கே போய்க் கேள் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தான்.

மெருகு காயாத கையோடு அவள் சாமிதுரையின் கடைக்குப் போனாள். அவர் உட்காரச் சொன்னார், டீ வாங்கி வரச் சொன்னார். சென்னைக்கு லாரி பிடிக்கச் சங்கத்தில் வசதி இல்லையென்றும், முகாமின் நோக்கம் விழிப்புணர்வுதான் என்றும், அது நல்லபடி நடந்து பேப்பரில்கூட வந்ததென்றும் பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமைதான் அவளுக்குத் தாங்கவில்லை. திருடிவிட்டு முறைத்தால்கூடத் தேவலாம். டீயைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

வீராயியிடம் மறைக்கவில்லை, நடந்ததைச் சொன்னாள். வீராயி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் காசியம்மாளுக்கு மனசு ஆறியிருக்கும். ராத்திரி சாமிக்கண்ணு பெரிய இடத்துப் பொல்லாப்பு வேண்டாம் என்றான். நாளைக்கு வண்டியோடு வரமுடியுமா முடியாதா என்று மட்டும் அவள் கேட்டாள்.

மறுநாள் காலையில் காசியம்மாளோடு தெருப் பெண்கள் அந்தச் சூளைக் கொட்டகைக்குள் நுழைந்தார்கள். வீராயியும் வந்தாள். நந்தகுமார் வழியை மறித்துப் பார்த்தான்; அத்தனை பேரைக் கண்டதும் ஒதுங்கிக்கொண்டான். முழுசாக இருந்த பெட்டிகளை வண்டியில் ஏற்றினார்கள். உடைந்த கண்ணாடியைக் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு பொறுக்கி மூட்டை கட்டினார்கள். பல நடையாக எல்லாவற்றையும் சாமிதுரையின் கடைவாசலில் இறக்கினார்கள். படியேற இடமில்லாமல் போனது. பம்பு வாங்க வந்தவர்களும் பஸ்ஸுக்கு நின்றவர்களும் கூடிவிட்டார்கள்.

"உள்ள வாம்மா, பேசிக்கலாம்" என்றார் சாமிதுரை.

"உள்ள வர மாட்டேங்க. மைக் வச்சு ஊரக் கூட்டித்தான சொன்னீங்க? ஈயம்னீங்க, நஞ்சுன்னீங்க. தெரியாதவன் எரிச்சா அறியாமைன்னு வுட்டுடலாம். எல்லாந் தெரிஞ்ச நீங்க வித்தீங்களே, அதுக்கு என்னா பேரு?"

அவர் போலீஸுக்குப் போன் செய்தார். வந்த காவலர் இது யாருடைய சாமான் என்று கேட்டார்.

"சங்கத்தோடதுங்க. அவங்க கிட்டயே ஒப்படைச்சுட்டோம்" என்றாள் காசியம்மாள்.

காவலர் சாமிதுரையைப் பார்த்தார். சாமிதுரை மறுபடி போனை எடுத்துச் சங்கத்து ஆட்களைக் கூப்பிட்டார். சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், தங்களுக்குள் கத்திக்கொண்டார்கள், பொழுது சாய்வதற்குள் சென்னைக்குப் போக ஒரு லாரி வந்து நின்றது. அவர்கள் சொல்லைக் காசியம்மாள் நம்பவில்லை. தானும் கூடவே வருவதாகச் சொல்லி வீராயியோடு முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வேப்பூரில் ஹைவேயைப் பிடித்து ஓடிய லாரியில் இருவரும் தூங்கவில்லை.

அந்தத் தொழிற்சாலையில் கையுறையும் முகமூடியும் போட்டவர்கள் பெட்டிகளை இறக்கினார்கள். டியூப்களைத் தனியாக, உடையாமல் கொண்டுபோனார்கள். வீராயி தன் டிவியின் மரக்கதவை மட்டும் கேட்டாள், கழற்றிக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் எரித்துவிட்டார்களே, அதற்கு என்ன செய்வது என்று காசியம்மாள் அங்கிருந்த அதிகாரியிடம் கேட்டாள். எரிந்து போனதைத் திரும்ப அள்ள முடியாதம்மா என்றார் அவர். பெரிய மனுஷர்களில் பொய் சொல்லாத முதல் ஆள் அவர்தான். ஆனாலும் அந்தப் பதில் அவளை ஊர் வரும்வரை அரித்தது.

நந்தகுமார் கொட்டகையைக் காலி செய்தான். சேத்தியாத்தோப்பு ரோட்டில் எங்கோ இடம் பிடித்துவிட்டான் என்றார்கள். சாமிதுரையின் சினேகிதரான அவள் கம்பெனி முதலாளி, கொஞ்ச நாள் வேலைக்கு வரவேண்டாம் என்றார். காசியம்மாள் அகல் விளக்குச் செய்யும் வேறொரு கம்பெனிக்குப் போனாள். தெருவில் மிக்ஸியோ செல்போனோ வீணானால் இப்போதும் அவளைத்தான் கேட்கிறார்கள். எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கிறவரை யாரிடமும் கொடுக்காதே, வூட்டிலேயே கிடக்கட்டும் என்கிறாள்.

அடுத்த வருடம் ஒரு கல்யாணப் பந்தியில் சாமிதுரை எதிரே வந்தார். சிரித்துக் கும்பிட்டார். அந்தம்மா அன்றைக்கு நம் சங்கத்தின் கண்ணைத் திறந்தார் என்று பக்கத்திலிருந்தவரிடம் பெருமையாகச் சொன்னார்.

"மூடியிருந்தா தான தொறக்கறதுக்கு" என்றாள் காசியம்மாள். திரும்பக் கும்பிடவில்லை. இலையைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.