எந்த அறையில் படுப்பீர்கள்?

அந்த ஜப்பான்காரப் பெண்மணியின் முகத்துக்கு நேரே நான் கதவைச் சாத்தியிருக்கிறேன். அவரைப் பற்றி எழுதுவதென்றால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாட்டை விட்டு வந்து, பிளாக்ஹவுஸ் பேயில் நாங்கள் வீடு வாங்கி ஒரு மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு சின்ன உருவம் கையில் எழுதும் கொப்பியோடு வாசலில் நின்று குனிந்து வணங்கியது. தெருக்கோடி வீடு தன்னுடையது என்றார். பிறகு, இந்த வீட்டில் எத்தனை பேர், யார் யார் எந்த அறையில் படுப்பீர்கள் என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆமிக்காரனும் இப்படித்தான் கொப்பியோடு வந்து கேட்பான். வீட்டில் வயசுப் பெடியனை வைத்துக்கொண்டே பெடியன் இல்லையென்று சொல்லிப் பிழைத்த சனம் நாங்கள். இரண்டே பேர், மேலேதான் படுப்போம் என்று சொல்லிக் கதவைப் படாரென்று சாத்தினேன். கீழ் அறையில் காது கேளாத என் அப்பா படுத்திருந்தார். அடுத்த வீட்டுக்குள் மூக்கை நுழைத்து விடுப்புப் பார்க்க வந்துவிட்டா என்று கணவரிடம் பொரிந்து தள்ளினேன்.

அந்த வருடமே ஒரு நாள் மத்தியானம் மழை கொட்டத் தொடங்கியது. நான் நகரத்தின் மறுகோடியில், ஆல்பனியில் வேலையில். கணவர் வெளியூரில். மோட்டர்வேயில் கார்கள் அசையவே இல்லை. எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. தெருத் தண்ணீர் முழுவதும் கீழ் அறைக்குத்தான் இறங்கும். அப்பாவுக்கு ஃபோன் அடித்தால் கேட்காது. காருக்குள் இருந்தபடி எல்லாக் கடவுளையும் கூப்பிட்டேன், திட்டியும் பார்த்தேன். அப்பா அங்கே இருப்பது தெருவில் ஒருவருக்கும் தெரியாது. என் விரலே என் கண்ணைக் குத்தியது.

போய்ச் சேர மூன்று மணித்தியாலம் எடுத்தது. கீழ் அறையில் இடுப்பளவு தண்ணீர், மெத்தை மிதந்தது. அப்பாவைக் காணவில்லை. நான் கத்தின கத்தலில் எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்து தெருக்கோடியைக் காட்டினார்.

அங்கே அப்பா ஒரு பெண்கள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

“இந்த மனிசி எல்லோ மண்வெட்டியால ஜன்னலை உடைச்சு என்னை வெளியில எடுத்தவ” என்றார், கலியாண வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி.

அப்பா கீழே இருப்பது எப்படித் தெரியும் என்று அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். கொப்பியைத் திறந்து காட்டினார். யாருக்கும் விளங்க வேண்டும் என்று ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார். நான் சொன்ன பொய் அப்படியே இருந்தது. அதன் கீழே: கொடியில் ஒரு வயசாளி இடுப்பில் உடுக்கும் சாரம் காய்கிறது, கீழ் அறையாக இருக்கலாம், சொல்லப் பயப்படுகிறார்கள், மறுபடி கேட்கக் கூடாது.

அவர் சிறுமியாக இருந்தபோது ஊரில் பூமி அதிர்ந்து வீடுகள் விழுந்தனவாம். எங்கே தோண்டுவது என்று அயல் வீட்டாருக்குத் தெரிந்த வீடுகளில் ஆட்கள் உயிரோடு வந்தார்கள். அவருடைய தங்கை அன்று மாமி வீட்டில் இருந்தாள். எந்த அறையில் படுத்தாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வெட்கத்தில் நான் அழுதே விட்டேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நானும் கூடப் போனேன். எத்தனையோ பேர் எங்கள் மூஞ்சியில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். அவர் குனிந்து வணங்கிவிட்டு, பயந்தவர்களை மட்டும் விட்டு, மற்றவர்களின் கதவை அடுத்த மாதமும் தட்டுவார். பிடித்தால் விடாத மனிசி.

பல வருடம் கழித்து, நடக்கக் கால் ஏலாமல் போனபோது, கொப்பியை என்னிடம் தந்தார். புரட்டிப் பார்த்தேன். தெரு முழுவதும் இருந்தது. அவருடைய வீடு மட்டும் இல்லை.

“தேடிப் போகிறவள் நான்தானே” என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உங்களை ஒருவரும் தேடி வரக் கூடாதா என்று சண்டை பிடித்தேன். பதில் சொல்லும்வரை எழும்ப மாட்டேன் என்று அவருடைய வாசற்படியிலேயே குந்திவிட்டேன். தேத்தண்ணி தந்து சமாளிக்கப் பார்த்தார், நான் அசையவில்லை. கடைசியில் சொன்னார்: தனியாக, பின் அறை, ஜன்னல் பக்கம். சாவி பூச்சட்டிக்குக் கீழே. எழுதிக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் விடிந்து நேரமாகியும் அவருடைய திரைச்சீலை திறக்கவில்லை. நான் தட்டிக்கொண்டு நிற்கவில்லை. சாவியை எடுத்து நேரே பின் அறைக்குப் போனேன். மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரியில் அடுத்த நாள் பின்னேரம் அந்த மூச்சு நிற்கும்வரை பக்கத்தில் இருந்தேன். இடையில் ஒரு தாதி வந்து, சொந்தக்காரர் மட்டும்தான் இருக்கலாம், நீங்கள் என்ன உறவு என்று விசாரித்தாள். அயல் வீடு என்றேன். அவருடைய கையை விடவில்லை.