தலை தின்னாத வீடு

பெருங்களத்தூரில் மீன் விற்ற அந்த அக்காவுக்குக் கனத்த உடம்பு, முழங்கை வரை செதில். தெருவில் கிடக்கும் பூனைக்குட்டிகளைத் தூக்கிவந்து கூடையில் வளர்ப்பார். மீன் வாங்க வருகிறவர்களில் ஆள் பார்த்துக் கொடுப்பார். மீன்தலை தின்னாத வீட்டுக்குத்தான் குட்டி. அங்கேதான் பூனைக்குத் தலை மிஞ்சுமாம்.

நான் அப்போது சிமென்ட் மூட்டை இறக்கிக்கொண்டு, குடோனிலேயே படுத்திருந்தேன். அவரிடம் வாங்குவது தலை மட்டும்தான். அதுதான் மலிவு. ஒருநாள், வால் ஒடிந்ததால் யாரும் சீண்டாத ஒரு குட்டியைக் கேட்டேன்.

"நீயே தலைய துன்றவன். அதுக்கு இன்னா போடுவ, சிமென்ட்டா?" என்றார்.

கூலி கைக்கு வந்த அன்று முழுசாக ஒரு சங்கரா மீன் வாங்கினேன். "தலை வேணாங்க்கா. நான் துன்றதில்ல," என்றேன்.

அக்கா கத்தியை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நேத்து வரிக்கும் உறிஞ்சி உறிஞ்சி துன்னுட்டு, இன்னிக்கு ஜமீன்தார் ஆயிட்டியாடா?"

தலையையும் பையில் போட்டார். பிறகு கூடையிலிருந்த அந்தக் குட்டியை எடுத்து என் தோளில் வைத்தார்.

"ஆளுக்குப் பாதி. அது மொதல்ல துன்னட்டும்."

பொய்யென்று தெரிந்தும் ஏன் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குட்டியைத் திரும்பப் பிடுங்கியிருப்பார்.