குரலில்லாத ஏலம்

பழவேற்காட்டுப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு விடிகாலை, யாரோ தெருவில் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்து ஜன்னலைத் திறந்தேன். தெருவில் யாரும் இல்லை. குரல் ஏரிக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. கரகரப்பும் கம்பீரமும் கலந்த, நடுவில் எங்கேயும் மூச்சு வாங்காத குரல். வீட்டுக்காரம்மா வாசலில் தண்ணீர் தெளித்தபடி சிரித்தார். "அது ஏலக்கார மாமா டீச்சர். இன்னா பயந்துட்டீங்களா? அந்தாண்ட பசியாவரம் தீவுல இருக்கறவங்களே இவரு குரல வெச்சுத்தான் இன்னிக்கு நண்டு இன்னா வெலனு தெரிஞ்சிக்கறாங்க." அவ்வளவு தூரம் தண்ணீரைக் கடந்து ஒரு குரல் போகுமா என்று எனக்கு அப்போது சந்தேகம்தான். பிறகு ஒரு நாள் அந்தத் தீவிலிருந்து படகில் திரும்பும்போது என் காதாலேயே கேட்டேன்.

அவர் ஒல்லியான மனிதர். ஏரிக்கரை ஏலக் கொட்டகை நடுவில், மடவை மீன் கூடைகளுக்கு மத்தியில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். விலை ஏறாவிட்டால் ஒரு மீனைத் தூக்கி வியாபாரியின் முகத்துக்கு நேராகப் பிடிப்பார். "கண்ணப் பாருய்யா, இன்னும் உன்னையே மொறைக்குது! இதப் போயி நேத்து மீனுன்றியே!" கூட்டம் சிரிக்கும், விலை ஏறும். சாயங்காலங்களில் பழைய டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில், கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளின் பக்கத்தில் நின்று பீடி பிடிப்பார். உள்ளே படுத்திருக்கும் ஒல்லாந்தர்களை ஏதோ பழைய வாடிக்கையாளர்களைப் போலக் காட்டிச் சொல்வார்: "இவனுங்க கோட்டை கட்டி ஆண்டப்ப, இவனுங்க மூட்டைக்கே எங்க முப்பாட்டன் ஏலம் போட்டவன், தெரியுமா?" உண்மையா என்று யாரும் கேட்டதில்லை. அவர் சொன்னால் நம்பத் தோன்றும்.

ஒவ்வொரு வருடமும் மீன்பிடித் தடைக்காலத்தில், கடலுக்குப் போகும் படகுகளெல்லாம் கரையேறிக் கிடக்கும்போது, அந்தக் கல்லறை மதிலை ஒட்டிய மைதானத்தில் கோடைச் சந்தை நடக்கும். வருமானம் இல்லாத மாதத்தில் தர்மத்துக்குப் பணம் திரட்டுகிறார்களே என்று எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. கையில் வேலை இல்லாதபோதுதான் அடுத்தவரை நினைக்க நேரம் இருக்கிறது என்றார் ஊர்த் தலைவர். திரளும் பணம் இரண்டு காரியங்களுக்குப் போகும். ஆதரவில்லாத முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு. தீவு ஊர்களிலிருந்து நோயாளிகளைக் கரைக்குக் கொண்டுவரும் ஊர்ப் படகு. மீன் வறுவல் கடை, ராட்டினம், கயிறு இழுக்கும் போட்டி என்று எல்லாம் இருந்தாலும், கடைசி நாள் மாலை நடக்கும் ஏலம்தான் பெரிய வரவு. திருப்பாலைவனம் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் நெல் மூட்டையும் பூசணியும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். மீனவர் வீடுகளிலிருந்து கருவாடு, கோழி, புது வலை வரும். ஏலக்கார மாமா ஒரு பூசணிக்காயை ஆட்டுக்குட்டி விலைக்கு விற்பார்; வாங்கியவரும் சிரித்துக்கொண்டே தூக்கிக்கொண்டு போவார்.

ஒரு மழைக்காலத்தில் அவர் குரல் கம்மியது. ஜலதோஷம் என்றார். வாரங்கள் போயும் சரியாகவில்லை. சென்னை ஆஸ்பத்திரியில் தொண்டையில் புற்று என்று சொல்லி, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளையும் அதை மறைக்க ஒரு வெள்ளைத் துணியுமாகத் திரும்பி வந்தார். அதன் பிறகு வாசலுக்குக்கூட வரவில்லை. கொட்டகையில் வேறொருவர் ஏலம் போட ஆரம்பித்தார். அந்தச் சத்தம் கேட்கும் நேரத்தில் மாமா எழுந்து ஜன்னலைச் சாத்திவிடுவாராம். அவர் மனைவியை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கூட்டத்தில் வாய் திறந்தே பார்த்திராத மனுஷி. ஒரு நாள் பள்ளி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, "உசுரு இருக்குதே, அது போதும்னு நெனச்சேன் டீச்சர். ஆனா செவுத்தயே பாத்துக்கினு குந்தினுகீறாரு. கை ஜாடைகூடக் காட்டறதில்ல. நான் யாருகிட்ட பேசறது?" என்று அழுதார்.

அதே மழைக்காலத்தில் இன்னொன்றும் நடந்திருந்தது. பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணை ஏற்றிவந்த ஊர்ப் படகின் எஞ்சின் நடு ஏரியில் நின்றுவிட்டது. தாய் பிழைத்தாள், பிள்ளை தங்கவில்லை. ஆகவே அந்தக் கோடைச் சந்தையில் புது எஞ்சினுக்குப் பணம் திரட்டியே ஆக வேண்டும். சந்தைக் குழுவில் நானும் இருந்தேன். ஆனால் கூட்டத்தில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. இத்தனை வருடம் ஊருக்காகக் கத்தின தொண்டை அது, இந்த வருட ஏலப் பணத்தை மாமா வைத்தியத்துக்கே கொடுத்துவிடலாம் என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். எஞ்சினை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. சொல்லிவிட்டு வர என்னை அனுப்பினார்கள்.

நான் சொல்லி முடிக்கும்வரை அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் திரும்பினார். அப்படி ஒரு கோபத்தை நான் அதற்குமுன் அந்த முகத்தில் கண்டதில்லை. உதடுகள் அசைந்தன, காற்றின் சீறல் மட்டும் கழுத்துத் துணியை அசைத்தது. ஏரிப் பக்கம் கையை நீட்டினார். இரண்டு கைகளையும் சேர்த்துக் குழந்தையை ஏந்துவதுபோல வைத்து, என் முன்னால் நீட்டி, வெறும் கையை விரித்துக் காட்டினார். அத்தை மெதுவாகச் சொன்னார்: "அந்தப் புள்ள போச்சே, அதச் சொல்றாரு. துட்டு படகுக்குத்தான்றாரு." உடனே முகம் மலர, "எத்தினி மாசம் கழிச்சு எங்கிட்ட பேசறாரு, பாத்தீங்களா?" என்றார்.

ஏலத்தன்று மைக்கில் பேசப் பழக்கமுள்ள ஒருவரை வெளியூரிலிருந்து அழைத்து வந்திருந்தோம். நன்றாகத்தான் பேசினார். ஆனால் யார் யாருடைய சம்பந்தி, யார் யாருக்கு விட்டுக்கொடுக்க மாட்டார் என்றெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? நெல் மூட்டை கடை விலைக்கும் குறைவாகப் போனது. ஊர்த் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போதுதான் கூட்டம் பின்னாலிருந்து விலகியது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் துணி, மடித்துக் கட்டிய லுங்கி. ஏலக்கார மாமா மேசைமேல் ஏறி, மைக்கை வாங்கி அணைத்துக் கீழே வைத்தார். ஒரு சேவலைத் தூக்கிப் பிடித்தார். விரல்களைக் காட்டினார்.

எனக்குப் பயமாக இருந்தது. யாராவது பரிதாபப்பட்டு உச்சுக் கொட்டினால் மனிதர் உடைந்துபோவார். ஆனால் முன்வரிசையில் இருந்த ஒரு இறால் வியாபாரி, ஒன்றுமே நடக்காததுபோல, கூடுதலாக ஒரு விரலைக் காட்டினார். இன்னொருவர் அதற்கு மேலே. மாமா வியாபாரியின் தொந்தியைச் சுட்டிக்காட்டி, சேவலைப் பார்த்து, 'இதற்கு இந்தச் சேவல் எந்த மூலைக்கு' என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார். மைதானமே சிரித்தது. விரல்கள் ஏறின. விலை நின்றதும் மாமா சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓங்கி ஒருமுறை கைதட்டினார். வழக்கமாக ஒரு தரம் என்று சொல்லும் இடம் அது. கைதட்டல் முடிந்தும் அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஒரு தரம்!" அத்தை எழுந்து நின்றிருந்தார். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மாமா திரும்பிப் பார்த்தார். இரண்டாவது முறை தட்டினார். இப்போது பெண்கள் பக்கம் முழுவதும் சேர்ந்துகொண்டது. மூன்றாவது தட்டுக்கு மைதானமே "மூணு தரம்!" என்று கத்தியது; மதில்மேல் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. அன்று எல்லாப் பொருளும் அப்படித்தான் போயின. எஞ்சின் வாங்கினோம். நடுவழியில் நிற்காத ஒரு நல்ல எஞ்சின். அந்தப் படகில் வந்து பிறந்த பிள்ளைகள் பிறகு என் வகுப்பிலேயே படித்தார்கள்.

அடுத்த வாரமே மாமா கொட்டகைக்குத் திரும்பினார். பக்கத்தில் அத்தை. விரல் அவருடையது, குரல் அத்தையுடையது. நான் மாற்றலாகி வந்த பிறகும் பல வருடங்கள் அப்படித்தான் நடந்தது. போன கோடையில் அங்கே போனேன். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வானத்தில் நின்றன. சந்தை அதே மதிலோரம் நடந்தது. மேசைமேல் அத்தை தனியாக நின்று ஏலம் போட்டார். மாமா காலமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஏலம் முடிந்ததும் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தொண்டை கட்டியிருந்தது. ஆறுதலாக இருக்கட்டும் என்று, மாமா பேச முடியாமல் எவ்வளவு கஷ்டப்பட்டாரோ என்றேன்.

அத்தை தலையாட்டி மறுத்தார். "அய்ய, அதுக்கு முன்னாடிதான் டீச்சர் கஷ்டம். காலீல பூரா ஊருக்குக் கத்திட்டு வூட்டுக்கு வந்தா, தொண்ட வலிக்குதுனு ஒரு வார்த்த பேச மாட்டாரு. குரலு போன பொறவுதான் நாங்க ரெண்டு பேரும் பேசினதே."