எங்கள் ரேஸ் ட்ரக் ஏன் ஓடவில்லை

எங்கள் குடும்பத்தில் மூன்று கோடைகாலம் ஒரு ரேஸ் ட்ரக் இருந்தது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்களுக்குள் நடந்த கதை. இப்போது சொன்னால் மொன்றியலில் இருக்கும் நம்மவர்களே நம்புவதில்லை. தமிழன் கடை போடுவான், மண்டபம் எடுப்பான், ட்ரக் ரேஸ் ஓடுவானா என்று சிரிக்கிறார்கள்.

தொடக்கிவைத்தவர் பெரியப்பா. அவர் ஒரு டிப்பனர் வைத்திருந்தார், பாலும் பியரும் சிகரெட்டும் விற்கிற மூலைக்கடை. அங்கே தினமும் வரும் ஒரு பிரெஞ்சுக் கிழவர், தான் ஓடிக் களைத்த பழைய பிக்கப் ட்ரக்கை அவருக்கு விற்றுவிட்டார். அதன் கதவுகள் திறக்கா. ஒட்டி அடைத்திருந்தார்கள். உள்ளே ஓட்டுகிறவருக்கு மட்டும் ஒரு இருக்கை, சுற்றிவர இரும்புக் குழாய்க் கூடு. ஏறுவதானால் யன்னலுக்குள்ளால் காலை விட்டுத்தான் ஏற வேண்டும். பெரியப்பா தன் கடையின் பெயரைக் கதவில் பெரிதாக எழுதுவித்தார். பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிப்பித்தார். சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு, "இதிலே எங்கே போகப் போகிறீர்கள்?" என்று கேட்டார். "ஒரு இடமும் இல்லை ஃபாதர், வட்டமாச் சுத்தப் போறம்" என்றார் பெரியப்பா.

பெரியப்பா முதலாளி. அப்பா மெக்கானிக். ஓட்டுகிறவர் மாமா, அம்மாவின் தம்பி. மன்னாரிலிருந்து எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தவர், அம்மாவுக்கு மிஞ்சியிருந்த ஒரே சகோதரம். அப்பாவுக்கும் ஓட ஆசை இருந்தது. "நீ கண்ணாடி போட்டனி, எஞ்சினைப் பார்" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். இரண்டு நாள் அப்பா சாப்பிடும்போது கதைக்காமல் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

முதல் கோடையில் மாமா நன்றாக ஓடினார். ஒருமுறை மூன்றாவதாகவும் வந்தார். கோடை முடிகிற நேரத்தில் கடைசி வளைவில் வழுக்கிச் சுவரில் அடித்தார். தோள் எலும்பு உடைந்தது. கை கட்டுப் போட்டிருந்த காலம் முழுவதும் அம்மாதான் சோறு குழைத்து ஊட்டினார். "இனி ஓட விடமாட்டன்" என்று அவர் சொல்லுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கோடையில் சாப்பாட்டுப் பெட்டியோடு தானும் ரேஸுக்கு வருவதாகச் சொன்னார். பெரியப்பாவுக்குப் பெரிய சந்தோஷம்.

அந்தக் கோடையில்தான் ட்ரக் ஓடாமல் போனது.

ஓடவில்லை என்றால், நின்றுவிடவில்லை. வளைவுகளில் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பும். நேர்ப்பாதைக்கு வந்ததும் எஞ்சின் ஒரு அளவுக்கு மேல் குரல் எழுப்பாது. மற்றவர்கள் விர் விர்ரென்று கடந்து போவார்கள். பெரியப்பா வீட்டு வளவில் அப்பா ஏறியிருந்து மிதித்துப் பார்க்கும்போது அதே எஞ்சின் தெருவே அதிரக் கத்தும். அயல்வீட்டுப் பெண் வெளியே வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்ப்பாள். சனிக்கிழமை ரேஸில் மட்டும் அது வாயை மூடிக்கொள்ளும்.

பெரியப்பா முதலில் கிழவரைச் சந்தேகித்தார். பழுதை மறைத்து விற்றுவிட்டான் என்றார். கிழவர் வளவுக்கு வந்து எஞ்சினைக் கேட்டுவிட்டு, விருப்பமில்லையென்றால் தானே திருப்பி வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அதனால் பெரியப்பாவின் சந்தேகம் இன்னும் கூடியது. "பாத்தியே, நல்ல சாமான் எண்டபடியால்தானே கேக்கிறான்" என்றார். பழுதான சாமானை விற்றவன் என்று காலையில் சொன்னவரும் அவர்தான்.

அடுத்தது அந்த வீட்டுக் கீழறையில் வாடகைக்கு இருந்த தமிழ்நாட்டு மாணவர். டவுன்டவுனில் பெரிய பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர், மரியாதையான ஆள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ட்ரக்கை இழுவையில் ஏற்றி எங்கள் வான் வண்டியின் பின்னால் பூட்டிப் புறப்படும் நேரம் பார்த்து வெளியே வந்து, "எங்க சார் கெளம்பிட்டீங்க?" என்று கேட்பார். புறப்படுகிறவனை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பது எங்கள் ஆட்களின் முடிவு. மந்திரித்த தீர்த்தமும் அதைத் தடுக்காது.

"உவன் வேணுமெண்டுதான் கேக்கிறான்" என்றார் பெரியப்பா.

"அவனுக்கு என்ன அண்ணை தெரியும், பாவம்" என்றார் அப்பா.

"பாவமோ? எஞ்சினியரிங் படிக்கிறவனுக்கு இது தெரியாதே?"

அடுத்த சனிக்கிழமை பெரியப்பா அவரைப் பேக்கரியில் பாண் வாங்கத் தூரத்து புவாண்ட்-கிளேர் வரைக்கும் அனுப்பினார். இழுவை தெருவில் திரும்பும்போது அவர் பாணோடு எதிரே வந்து, கையைக் காட்டி நிறுத்தி, "இன்னைக்கும் ரேஸா சார்? எங்க நடக்குது?" என்றார். பெரியப்பா வான் கண்ணாடியை ஏற்றினார். அன்றைக்கு நாங்கள் கடைசி.

இப்படியே சந்தேகிக்க ஆட்கள் முடிந்துபோனபோது அது அப்பாவிடம் வந்தது. வீட்டில் கத்துகிற எஞ்சின் ரேஸில் கத்தவில்லை. ரேஸ் இடத்தில் கடைசியாக எஞ்சினில் கை வைக்கிறவர் அப்பா. பெரியப்பா நேரே சொல்லவில்லை. அப்பா கார்புரேட்டரைத் திருகும்போது பக்கத்தில் வந்து நின்று அவருடைய கையையே பார்த்தார். பிறகு ஒருநாள் சொல்லியும்விட்டார்.

"உன்னை ஓட விடேல்லை எண்ட கோவம் உனக்கு இன்னும் போகேல்லை."

"அண்ணை, நீங்கள் என்ன கதைக்கிறியள்?"

"வாற சனிக்கிழமையும் இப்பிடித்தான் எண்டால் நீ இனி என்ரை வளவுக்கை வராதை. அவ்வளவுதான்."

அன்று அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் பதினொரு வயது. அதிகம் கதைக்காத பிள்ளை. கதைக்காத பிள்ளைக்குப் பார்க்க நேரம் நிறைய இருக்கும். அப்பா செய்யவில்லை என்றால் வேறொருவர் செய்கிறார். அது வீட்டுக்கும் ரேஸ் இடத்துக்கும் இடையில்தான் நடக்கிறது. இடையில் நாங்கள் இறங்குகிற இடம் ஒன்றே ஒன்று, லாவாலுக்குப் போகும் படகு. கம்பியில் இழுபட்டு ஆற்றைக் கடக்கும் சின்னப் படகு அது. வாகனங்களை ஏற்றியதும் ஆண்கள் எல்லோரும் இறங்கி முன்பக்கக் கம்பியில் சாய்ந்துகொண்டு தண்ணீரைப் பார்ப்பார்கள். தலை சுற்றும் என்று அம்மா மட்டும் வானுக்குள் இருப்பார். அம்மாவை நான் கணக்கில் எடுக்கவில்லை. காய்ச்சலென்று அவர் வராமல் நின்ற கிழமையும் ட்ரக் மெதுவாகத்தானே ஓடியது.

அந்தச் சனிக்கிழமை நானும் இறங்குவதுபோல இறங்கி, வேறொருவரின் காருக்குப் பின்னால் குந்தியிருந்தேன். படகு நகர்ந்தது. வானின் கதவு திறந்தது. அம்மா இறங்கினார். இரண்டு பக்கமும் பார்த்தார். இழுவையில் ஏறி, ட்ரக்கின் யன்னலுக்குள் தலையை விட்டார். பிறகு தோள். பிறகு இடுப்பு. கடைசியில் இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே ஆடிக்கொண்டிருந்தன. பூசைக்கு நேரமாகிவிட்டால்கூட மெதுவாக நடக்கிறவர் எங்கள் அம்மா.

அவர் வானுக்குள் திரும்பிப் போனபின் நான் ஏறிப் பார்த்தேன். அக்சிலரேட்டர் பெடலுக்குக் கீழே, தடித்த ரப்பர்ச் செருப்பில் வெட்டின ஒரு துண்டு செருகியிருந்தது. பெடல் முழுதாகப் போகாது. இடையில் நின்றுவிடும். திரும்பி வரும்போது இதே படகில் எடுத்துவிடுவார் போல, அதனால்தான் வீட்டில் எஞ்சின் கத்தியது. இதற்குத்தான் எஞ்சினை எத்தனையோ தரம் கழற்றிப் பூட்டினார்கள்.

சொன்னால் அம்மா அகப்படுவார். சொல்லாவிட்டால் அப்பா. ரேஸ் இடத்தில் மாமா ட்ரக்குக்குள் இருந்து கையுறை போட்டுக்கொண்டிருந்தபோது யன்னலடியில் போய் நின்றேன்.

"மாமா, பெடலுக்குக் கீழை பாருங்கோ."

அவர் குனியவில்லை. "ஆருக்கும் சொன்னனியோ?"

"இல்லை. அம்மாதான் வைச்சவ. நான் கண்டனான்."

"சரி. இனியும் சொல்லாதை."

"எடுங்கோவன். எடுத்தால் வெல்லலாம். பெரியப்பா அப்பாவையெல்லோ கள்ளன் எண்டுறார்."

மாமா கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்தார். "எனக்கு முதல் நாளே தெரியுமடா. மிதிக்கிறவனுக்குத் தெரியாதே? அக்கா காய்ச்சலெண்டு வராத அண்டைக்கு நான்தான் ஒரு துண்டைக் கீழை செருகி வைச்சனான்."

"ஏன்?"

"அவ வராத நாளிலை மட்டும் பறந்தால் அவவையெல்லோ பிடிச்சிடுவினம்."

எனக்கு அது பதிலாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அப்பாவை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் பட்டது. இவர்கள் பெரியப்பாவின் கூட்டத்திலும் இல்லை, அப்பாவின் கூட்டத்திலும் இல்லை. வேறேதோ கூட்டம்.

அன்றும் கடைசியில்தான் வந்தோம். அம்மா வானுக்குப் பின்னால் சோற்றுப் பெட்டியைத் திறந்துவைத்திருந்தார். பெரியப்பா வந்து அப்பாவின் முன்னால் நின்றார். அப்பா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, பேச்சு வாங்கத் தயாரானவர்போல நிமிர்ந்தார். மாமா யன்னலுக்குள்ளால் இறங்கி வந்தார்.

"பெரியத்தான், அத்தானைப் பேசாதேங்கோ. எஞ்சின்லை ஒரு பிழையும் இல்லை. நான்தான் மிதிக்கிறேல்லை."

"என்ன சொல்லுறாய்?"

"பயம். சுவரிலை அடிச்சதுக்குப் பிறகு கால் போகுதில்லை. சொல்ல வெக்கமாக் கிடந்தது."

பெரியப்பா குனிந்து மாமாவின் காலைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"அட கோதாரி. மன்னார்ச் சிங்கம் எண்டு கொண்டந்து ஏத்தினால் இது பூனைக்குட்டியெல்லோ. இதைச் சொல்லியிருந்தால் அந்த மாணவப் பெடியனை நான் பாண் வாங்க ஓட்டியிருக்க மாட்டனே."

அப்பாவும் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். மாமாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அம்மாவின் அகப்பை பெட்டிக்குள் அப்படியே நின்றது. பிறகு அவர் மாமாவின் தட்டில் இறைச்சியைப் போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். "காணுமக்கா" என்று மாமா சொன்ன பிறகும் ஒரு கரண்டி வைத்தார். அண்ணனும் தம்பியும் இழுவையில் சாய்ந்துகொண்டு ஒரே தட்டில் இருந்து பொரியல் எடுத்துத் தின்றார்கள். மாமாவைப் பிறகு எந்தக் கொண்டாட்டத்திலும் பெரியப்பா பூனைக்குட்டி என்றுதான் அறிமுகம் செய்தார். மாமா ஒருநாளும் மறுத்துச் சொன்னதில்லை.

அடுத்த சனிக்கிழமை கிழவரின் பேரன், மீசை அரும்பாத ஒரு பெடியன், எங்கள் ட்ரக்கை ஓட்டினான். மாமா அப்பாவோடு டயர் மாற்றினார். அம்மா அன்றும் வந்தார். ஆனால் முதல்முறையாகத் தகரக் கொட்டகையின் கீழ் படி இருக்கையில் என்னோடு வந்து இருந்து ஓட்டத்தைப் பார்த்தார். ட்ரக் நேர்ப்பாதையில் எப்படிப் போனது என்கிறீர்கள்! வளவில் கத்துகிற அதே குரல். ஒருவரை, இன்னொருவரை என்று கடந்து போனான். அம்மா எழும்பி நின்று, "ஓடு ராசா, விடாதை, மிதி மிதி" என்று தமிழில் கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. செருப்பு வெட்டி வைத்த கையா இது என்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ட்ரக் கடைசி வளைவுக்கு வரும்போது அம்மா கத்துவதை நடுவில் நிறுத்திவிட்டார். எங்களுக்கு இரண்டு படி கீழே ஒரு பிரெஞ்சுப் பெண் இருந்தாள். எல்லோரும் எழும்பி நிற்க அவள் மட்டும் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தாள். அந்தப் பெடியனின் தாய் என்று பிறகு சொன்னார்கள்.

அம்மா என் மடியிலிருந்த ரோல்ஸ் பலகாரப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய் அவள் பக்கத்தில் இருந்தார். அம்மாவுக்குப் பிரெஞ்சில் பொன்ஜூரும் மெர்சியும்தான் தெரியும். அவளுக்கு அந்தளவு தமிழும் தெரியாது. ஆனாலும் ட்ரக் எல்லைக்கோட்டைக் கடக்கும்வரை இருவரும் தலையை நெருக்கிவைத்துக்கொண்டு இருந்தார்கள். அவள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

இனி இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ட்ரக்குக்கு என்ன செய்யப் போகிறார்களோ என்றுதான் நான் சந்தேகப்பட்டேன்.